கையெழுத்துப் போட்ட பிறகும் மாறலாம்

ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மாற முடியாது என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மயக்க மருந்து கொடுக்கும் முன் மனம் மாறினால் தாராளமாகச் சொல்லலாம். ஆனால், 'ஐ டோன்ட் வான்ட்' என்று மட்டும் சொல்லாதீங்க. எந்த வைத்தியமும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 'கேன்சல்' என்றால் வேறு தேதி கொடுத்துவிடலாம். 'ரிவோக்' லைசென்ஸுக்குத்தான் அதிகம் வரும். தெளிவான பேச்சு இதுதான்: 'ஐ வித்ட்ரா மை கன்சென்ட் ஃபோர் தி ஆப்பரேஷன்.' மலாயில், 'சாயா தாரிக் பாலிக் கெயிசினான் சாயா.'

சொல்வதற்கு முன், ஆப்பரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வைத்தியம் உண்டா என்று டாக்டரிடம் கேளுங்க. வெறும் பயத்தினால் மறுத்து உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளாதீங்க. பிறகு மனம் தெளிந்தால், மறுபடியும் சம்மதம் கொடுக்கலாம்.