பத்திரம் எழுதுவதும் ஒரு கலை

கலை என்றவுடன் சிற்பமும் ஓவியமும் இசையும் நம் நினைவுக்கு வரும். நிலப் பத்திரத்தை எவரும் நினைப்பதில்லை. முத்திரைத் தாளும், முடிவு காணாத நீண்ட வாக்கியமும், ‘சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்’ என்ற பழந்தொடரும் கலையாகுமா என்று நண்பர்கள் நகைக்கலாம். ஆகும் என்பதே என் எண்ணம். ஆனால் இந்தக் கலைஞனுக்குக் கைதட்டல் கிடையாது. அவன் எழுதியதன்மேல் ஐம்பது ஆண்டுகள் எவரும் வழக்குத் தொடராவிட்டால் அதுவே அவன் பெற்ற பரிசு.

நிலத்தை அளந்து எழுதி வைப்பதில் நம் மாவட்டத்துக்குப் பழம்பெருமை உண்டு. 1792இல் பாரமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலங்களை அளந்து, உழவனிடமே நேராகத் தீர்வை பேசினர். பின்னாளில் ரயத்துவாரி எனப் பெயர் பெற்ற முறை இந்த மண்ணில்தான் உருப்பெற்றது. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பிறகே சேர்ந்தது.

சட்டம் என்னவோ சுருக்கமானதுதான். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் எல்லையை வகுத்துவிட்டன. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவாக வேண்டும். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். இந்த வேலிக்குள்தான் கற்பனைக்கு இடம். இன்னும் பிறக்காத சண்டையை இன்றே மனக்கண்ணில் காண்பதுதான் அந்தக் கற்பனை.

என் பாட்டனார் சாலையோர நிலத்தை விற்றுப் பின்னால் இருந்ததை வைத்துக்கொண்டார். பத்திரத்தில் நான்கெல்லையும் சர்வே எண்ணும் குறையின்றி இருந்தன. வண்டிப்பாதை பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. வாங்கியவர் இருந்தவரை வண்டி போயிற்று. அவர் மகன் முள்வேலி போட்டார். சுற்றிப்போக ஏரிக்கரை வழி இருந்ததால், ‘வேறு வழியே இல்லை’ என்று கேட்கக்கூடிய அவசிய வழியுரிமையும் எடுபடவில்லை. “தென்வரப்பை ஒட்டிப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஆள், கால்நடை, எவ்வகை வாகனமும் போய்வரும் பாத்தியம் எனக்கும் என் வாரிசுகளுக்கும் உண்டு” என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும். ‘எவ்வகை வாகனமும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘மாட்டுவண்டி’ என்று எழுதியிருந்தால் பின்னர் டிராக்டருக்காக வேறொரு வழக்கு வந்திருக்கும்!

எல்லைப்புறத்தில் இந்த வேலை இன்னும் கடினம். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது முதல், மானாவாரி ராகிக் காடு வீட்டுமனையாகிக்கொண்டிருக்கிறது. அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து வாங்க வருகிறவர் குண்டேயில் கணக்குக் கேட்பார். நாம் சென்டில் சொல்வோம். ஒரு குண்டே இரண்டரை சென்ட். பட்டாவோ ஹெக்டேரில் பேசும். போதாதற்கு ஒரே நிலத்தின் மூலப்பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். 1965க்குப் பின் தருமபுரி, 2004க்குப் பின் கிருஷ்ணகிரி. மூன்றும் ஒரே மண் என்று சங்கிலி அறாமல் கோத்துக் காட்டுவது எழுதுகிறவர் பொறுப்பு.

பாகப்பிரிவினைப் பத்திரங்களில் முன்பெல்லாம் பெண்மக்கள் பெயரே வராது. தமிழகத்தில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் வந்த திருத்தங்கள் மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கின. இருந்தும் அக்காள் தங்கைகளை விட்டுவிட்டு எழுதச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. அந்த இடத்தில் பேனாவை மூடி வைப்பவரையே நான் நல்ல எழுத்தர் என்பேன்.

சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் அருகே அப்படி ஒரு பெரியவரைக் கண்டேன். மனை விற்க வந்தவரிடம் ஒரு மணி நேரம் கேள்விகள்தான் கேட்டார். கிணற்றில் எத்தனை பேருக்குப் பங்கு? மோட்டார் இணைப்பு யார் பெயரில்? மழை பெய்தால் மேல்காட்டுத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது? அதற்கப்புறமே தாளை எடுத்தார்.