ஒரே புள்ளி என்று எப்போது சொல்லலாம்?

அடுத்தடுத்த இரண்டு வயல்களுக்கு நடுவே வரப்பு ஒன்றுதான். கணினி வரைபடத்தில் ஏறியதும் அது சில சமயம் இரண்டாகிவிடும். ஒரு வயலின் மூலையை அளந்து பதிந்திருப்பார்கள். பக்கத்து வயலின் அதே மூலையை, இரு கோடுகள் வெட்டும் இடமாக நிரல் கணக்கிட்டிருக்கும். இரண்டு எண்களும் கடைசித் தசம இடத்தில் வேறுபடும். ‘சமமா?’ என்று கேட்டால் கணினி கறாராக ‘இல்லை’ என்னும். நடுவே யாருக்கும் சொந்தமில்லாத, கண்ணுக்கே தெரியாத நிலத்துண்டு ஒன்று முளைக்கும்.

கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. பத்தில் ஒன்று அதற்குள் சரியாக அடங்காது. அதனால்தான் பல நிரல் மொழிகளில் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் 0.30000000000000004 வருகிறது. ஆகவே நிலவரைபட நிரலாளர்கள் ‘சமமா?’ என்று கேட்பதைத் தவிர்த்து, ‘இவ்வளவுக்குள் நெருக்கமா?’ என்று கேட்கிறார்கள். அந்த ‘இவ்வளவு’தான் டாலரன்ஸ், அதாவது பிழை வரம்பு.

அதை எவ்வளவாக வைப்பது? சென்னையின் தீர்க்கரேகை சுமார் 80 டிகிரி. 64 பிட் எண்ணில், அங்கே ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி தரையில் ஒன்றரை நானோமீட்டர்தான். இடத்தை மிச்சம் பிடிக்க 32 பிட்டில் சேமித்தால், அதே இடைவெளி 80 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். அதில் சென்டிமீட்டர் கணக்கில் வரம்பு வைத்துப் பயனில்லை.

அடுத்தது, தூரத்தைக் கணக்கிடும் சூத்திரம். பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதால், இரு ஊர்களுக்கு இடையிலான தூரத்தை ஒரே மூச்சில் கணக்கிட முடியாது. 1975-இல் தாடியஸ் வின்சென்டி வெளியிட்ட முறை ஓர் உத்தேச விடையில் தொடங்கி, அதைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும். ஒரு சுற்றில் ஏற்படும் மாற்றம் 10⁻¹² ரேடியனுக்குக் கீழே வந்தால் நிறுத்துவது வழக்கம். தரையில் அது சுமார் 0.006 மில்லிமீட்டர். ஆனால் பூமியின் நேர் எதிர்ப்பக்கத்தை ஒட்டிய புள்ளிகளுக்கு அந்த மாற்றம் குறையாமலே சுற்றிக்கொண்டிருக்கக்கூடும். எனவே பிழை வரம்போடு, இத்தனை சுற்றுதான் என்ற கட்டுப்பாடும் வேண்டும். இந்தச் சிக்கலுக்கு சார்லஸ் கார்னி 2013-இல் தீர்வு தந்தார்.

வரம்பை டிகிரியில் எழுதுவதிலும் ஒரு வம்பு இருக்கிறது. 0.00001 டிகிரி என்பது நிலநடுக்கோட்டில் 1.1 மீட்டர். 60-ஆம் அட்சரேகையில், கிழக்கு மேற்காக அளந்தால், அதில் பாதிதான். மீட்டரில் வைத்தால் எங்கும் ஒரே அளவு.

இத்தனைக்கும் நடுவே தரையே நகர்கிறது. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர் அளவுக்கு வடகிழக்காகப் போகிறது. அந்நாட்டின் 1994-ஆம் ஆண்டு ஆயத்தொலைவுகளுக்கும் 2020-க்கானவற்றுக்கும் இடையே சுமார் 1.8 மீட்டர் வித்தியாசம். இரண்டையும் கலந்துவிட்டு மில்லிமீட்டர் வரம்பு வைப்பது வீண்.

அதற்காக வரம்பைத் தாராளமாக வைத்தாலும் ஆபத்து. ஒரு மீட்டர் என்று வைத்தால், 80 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருக்கும் மூன்று புள்ளிகளில் முதலாவதும் இரண்டாவதும் ஒன்றாகும்; இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகும்; ஆனால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல! கவனிக்காமல் விட்டால், வரிசையாக நட்ட வேலிக்கம்பங்கள் எல்லாமே ஒரே கம்பமாகிவிடும். ஆகவே வரம்பு, கணக்கிலும் அளவையிலும் வரும் பிழையைவிடப் பெரிதாகவும், நாம் பிரித்தறிய வேண்டிய மிகச் சிறிய தூரத்தைவிடச் சிறிதாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடமே இல்லையென்றால், நிரலைத் திருத்திப் பயனில்லை. நிலத்தைத்தான் மறுபடி அளக்க வேண்டும்.