அருணகிரிநாதரின் அடுத்த சுற்று

15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் இரண்டு போட்டிகளில் வென்றதாகத் திருவண்ணாமலை மரபு சொல்கிறது. இரண்டிலும் முன்கூட்டிய கணிப்பு அவருக்கு எதிராகவே இருந்திருக்கும். முதல் எதிராளி, மன்னன் பிரபுடதேவனிடம் செல்வாக்குப் பெற்ற சம்பந்தாண்டான். இருவரும் தத்தம் தெய்வத்தைச் சபையோர் கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்பது பந்தயம். சம்பந்தாண்டான் வழிபட்ட தேவி தோன்றவில்லை, அருணகிரியார் வழிபட்ட முருகன் தூணில் வெளிப்பட்டான். அண்ணாமலையார் கோயிலின் கம்பத்து இளையனார் சன்னதி அதன் நினைவு.

அடுத்தவர் வில்லிபுத்தூரார், பாரதத்தைத் தமிழில் பாடியவர். தோற்ற புலவரின் காதை அறுப்பவர் என்று பெயர். பழைய வெற்றிகளை மட்டும் எண்ணினால் பந்தயம் அவர் பக்கமே சாயும். ஆனால் இம்முறை விதி வேறு: அருணகிரியார் பாடப்பாட வில்லிபுத்தூரார் உடனுக்குடன் பொருள் சொல்ல வேண்டும். பாடுபவருக்கே அனுகூலமான விதி இது. கணிப்பவர் முதலில் பார்த்திருக்க வேண்டியதும் இதைத்தான். அருணகிரியார் பாடிய கந்தரந்தாதியில் 53 செய்யுள் வரை வில்லிபுத்தூரார் தடுமாறவில்லை. முழுதும் தகர வரிசை எழுத்துகளாலேயே அமைந்த 54ஆம் செய்யுளில் நின்றுவிட்டார். அருணகிரியாரே பொருள் கூறினார். தோற்றவரின் காதையும் அறுக்கவில்லை.