எழுத்தெண்ணிக்கையும் தரவுத்தளப் பிழையும்

கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரியில் மலையாளம், கொங்கணி, குசராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் வழங்குகின்றன. அவ்வூர்ப் பெயரைத் தமிழெழுத்தில் தரவுத்தளத்தில் பதியும்போது நேரக்கூடிய பிழையொன்று இங்கு ஆராயப்படுகிறது.

'மட்டாஞ்சேரி' என்பது இலக்கண மரபில் ம, ட், டா, ஞ், சே, ரி என ஆறெழுத்துச் சொல். யூனிக்கோடு முறையில் புள்ளியும் உயிர்மெய்க்குறிகளும் தனிக் குறியீடுகளாதலின் அச்சொல் 11 குறியீடுகளைக் கொள்ளும்.

பதிவு முதலிய பணிகளைச் செய்யத் தரவுத்தளத்திலேயே சேமித்து வைக்கப்படும் கட்டளைத்தொகுதி 'ஸ்டோர்டு புரொசீஜர்' எனப்படும். பயன்பாட்டு நிரல் அனுப்பும் பெயரை அதன் அளபுரு ஏற்கிறது. மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் அட்டவணைப் புலம் குறுகியதாயின் இயல்பாகப் பிழைச்செய்தி எழும். அளபுரு குறுகியதாயின் எழாது. 10 இடமே கொண்ட யூனிக்கோடு அளபுரு ஈற்று இகரக்குறியை ஓசையின்றி நீக்க, 'மட்டாஞ்சேர' என்பதே பதிவாகும். அளபுரு தமிழெழுத்தை ஏலாத பழைய குறியேற்றத்தைச் சார்ந்ததாயின், எழுத்துகள் வினாக்குறிகளாக மாறும்.

வினாக்குறி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். குறைந்த ஈறு காட்டிக்கொடுக்காது. மொழிபெயர்ப்பாளர் அதனை வட்டார வழக்கெனவும் மயங்கக்கூடும். ஆதலின் நிரல், அளபுரு, புலம் ஆகிய மூன்றிடத்தும் தரவின் வகையையும் நீளத்தையும் ஒப்பிட்டு நோக்குதலே பிழையறியும் வழி. நீளத்தை வரையறுக்கையில் எழுத்தையன்றிக் குறியீட்டையே எண்ணுதல் வேண்டும்.