கிரவுண்டுக்கு மட்டுமா வில்லங்கம்?

மயிலாப்பூரில் அரை கிரவுண்டு மனை விலைக்கு வருகிறது என்றால், வாங்குகிறவர் முதலில் என்ன செய்வார்? தாய்ப்பத்திரத்தைப் புரட்டுவார், வில்லங்கச் சான்றிதழுக்கு மனுப் போடுவார். ஆனால் அடையாறிலோ தியாகராய நகரிலோ மாடி அறை பிடித்து, கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி விற்கிற இளைஞர், யாரோ எழுதி இலவசமாக விட்டிருப்பதைத் தம் சரக்கில் சேர்க்கும்போது அதன் பத்திரத்தைப் பார்க்கிறாரா?

“இலவசந்தானே!” என்பார். விலைதான் இலவசம், நிபந்தனை உண்டு. நமது 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், பின்னால் வந்த திருத்தங்களின்படி, புரோகிராமையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. கதாசிரியருக்குள்ள பாத்தியதை புரோகிராம் எழுதியவருக்கும் உண்டு.

நிபந்தனைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. அடையாறை ஒட்டியுள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய ‘சக்தி’ ப்ராஸஸரின் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அது ‘பி.எஸ்.டி.’ என்ற தாராளமான லைசென்ஸில் வெளியிடப்பட்டது. யாரும் அதை எடுத்து, மாற்றி, விற்கலாம். செய்த மாற்றத்தை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது, ஐ.ஐ.டி. பெயரை அனுமதியின்றி விளம்பரத்துக்கு இழுக்கக் கூடாது. முக்கியமாக அவ்வளவே. சக்தியில் உழைத்த சிலர் இன்கோர் என்ற கம்பெனி தொடங்கி, இதே ப்ராஸஸர் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள்.

‘ஜி.பி.எல்.’ வேறு ரகம். ரிச்சர்டு ஸ்டால்மன் 1989ல் வகுத்தது. லினக்ஸ் இதன் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. அத்தகைய புரோகிராமைச் சொந்த ஆபீசுக்குள் எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதனோடு பின்னிப் பிணைத்து எழுதியதை வெளியே ஒருவருக்கு விற்றால், மூல நிரலையும் அவருக்குத் தந்தாக வேண்டும். அவர் அதைப் பிறருக்கு வழங்குவதைத் தடுக்கவும் முடியாது. மீறினால் நகலெடுக்கும் உரிமையே பறிபோகும். மூன்று வருஷ உழைப்பைப் பெட்டியில் பூட்டி விற்க நினைத்தவருக்கு இது சாதாரணச் சங்கதியா?

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சிஸ்கோ கம்பெனி 2003ல் சுமார் 50 கோடி டாலருக்கு லிங்ஸிஸ் கம்பெனியை வாங்கிற்று. லிங்ஸிஸின் ரௌட்டர் பெட்டிக்குள் லினக்ஸ் இருப்பதை அதே வருஷம் சிலர் கண்டுபிடித்து, மூல நிரலைக் கேட்டார்கள். சிப் சப்ளை செய்தவர் வழியாக உள்ளே வந்த சரக்கு அது; வாங்கியவர் தலையில் விடிந்தது! நிரல் வெளியிடப்பட்டது. தகராறு அத்துடன் ஓயவில்லை. ஸ்டால்மன் நிறுவிய அறக்கட்டளை 2008 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தது. 2009 மே மாதம் சமரசம் ஏற்பட்டு, சிஸ்கோ ஒரு தொகையைக் கொடுத்ததோடு, லைசென்ஸ் விஷயங்களைக் கவனிக்கத் தனி அதிகாரியையும் நியமிக்க இணங்கிற்று.

ஆகவே பேரேடு ஒன்று அவசியம். எந்தத் துண்டு, எங்கிருந்து வந்தது, எந்தப் பதிப்பு, என்ன லைசென்ஸ் என்று சேர்க்கும் அன்றே எழுதிவிட வேண்டும். கம்பெனியில் முதல் போட வருகிறவரின் வக்கீல் முதலில் கேட்கக்கூடியது இந்தப் பேரேட்டைத்தான். வில்லங்கம் தென்பட்டால் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதலாம். எழுதியவர் ஒருவரே என்றால், பணம் கொடுத்து வேறு லைசென்ஸ் கேட்டுப் பார்க்கலாம். லினக்ஸ் போல ஆயிரக்கணக்கானோர் கை பட்டது என்றால், யார் யாரிடம் போய்க் கேட்பது?