தீவின் பெயர்கள் – 9: எழுவானும் படுவானும்

பண்டைய புவியியலாளர் தொலமியின் நிலப்படத்தில் தப்ரபேன் எனப்பட்ட இலங்கை பூமத்தியரேகையைத் தாண்டித் தெற்கே பரந்து கிடந்ததும், உண்மையான தீவு தேவேந்திரமுனையோடு, ஏறத்தாழ ஆறு பாகை வடக்கிலேயே முடிந்துவிடுவதும் சென்ற இதழில் சொல்லப்பட்டவை. செரண்டிப், சிலோன் ஆகிய பெயர்களே இவ்வாரத்துக்கு உரியவை. ஆயினும் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பெர்கன் 1602இல் வந்திறங்கிய மட்டக்களப்பை எட்டியதும் அவற்றைச் சற்றே காத்திருக்கச் செய்வது தவிர்க்க இயலாததாகிறது.

கடலுக்கு இணையாக, வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக்கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே விரியும் வயல்நிலம் படுவான்கரை எனவும் வழங்கப்படுகின்றன. எழுவான் என்பது ஞாயிறு எழும் திசை. படுவான் அது படும் திசை. தீவுக்குப் பிறநாட்டார் இட்ட பெயர்கள் பெரும்பாலும் கப்பற்காரரின் வாய்வழியே பரவியவையாக இருக்க, இவ்விரு பெயர்களும் தோணியில் இருப்பவன் இட்டவை போலத் தோன்றுகின்றன. வாவியின் நடுவில் இருப்பவனுக்கே ஒரு கரையில் வெயில் எழுவதும் மறு கரையில் படுவதும் ஒருங்கே வாய்க்கும்.

ஊர்ப்பெயர்களும் இவ்வாறே நீரை ஒட்டி அமைந்தவை. நீருக்குள் நீண்ட நிலம் முனை ஆதலால் மண்முனை, மகிழூர்முனை. நிலத்துக்குள் வளைந்த நீர் குடா ஆதலால் நாவற்குடா, தாழங்குடா. தோணி அணையும் இடம் துறை ஆதலால் அம்பிளாந்துறை. கடலும் களப்பும் கூடும் வாய் தொடுவாய் எனப்படுவதால் மஞ்சந்தொடுவாய். இப்பெயர்களைக் கரை வழியே வரிசையாகப் படிப்பவருக்கு நிலப்படம் அதிகம் தேவைப்படாது.

இவற்றினும் சுவையானது, கரைக்குக் கரை ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு இப்பகுதியார் வழங்கும் பெயர்: பாதை. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் செல்வோர் பாதையில் நடப்பதில்லை, பாதையில் ஏறுகின்றனர். மண்முனையில் ஜப்பானிய உதவியுடன் 2014இல் பாலம் திறக்கப்பட்டதும் அங்கே பாதைக்கு வேலையில்லாது போயிற்று.

வாவியின் வாய் நிலையானதன்று. மழை குறைந்த மாதங்களில் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிட, வடகீழ்ப் பருவமழையில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளம் வெளியேற வழியின்றிப் படுவான்கரை வயல்களில் ஏறுகிறது. அப்போது மணல்திட்டில் ஒடுக்கமான வாய்க்கால் ஒன்று வெட்டப்படும். முதலில் மெல்லக் கசியும் நீர் ஓரங்களை அரித்து, மண்ணைச் சரித்து, எஞ்சிய வேலையைத் தானே முடித்துக்கொள்கிறது. எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரரும் மீனவரும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மூழ்கிய பயிர் அவசரப்படுத்த, வெளியேறும் மீன் தயங்கச் செய்கிறது.

இந்த வாவிக்குள் உள்ள புளியந்தீவில்தான் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை எழுப்பினர். பத்தாண்டுகளில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரின் செயிலாவோ ஒல்லாந்தரிடம் செய்லன் ஆகி, ஆங்கிலேயரிடம் சிலோன் ஆன கதை, செரண்டிப்போடு சேர்த்து அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.