மிதிவண்டிப் பந்தயமும் நம் பிள்ளைகளும்

மாலையில் பள்ளி விடும் வேளையில், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சீருடை அணிந்த பிள்ளைகள் சாரி சாரியாக மிதிவண்டிகளில் வீடு திரும்புவதை நாம் காண்கிறோம். 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிவுற்றது. ஏழை வீட்டுத் திண்ணையிலும் இன்று ஒரு மிதிவண்டி நிற்கிறது. அது வெறும் வாகனந்தானா? உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு ஒழுங்கும் தரும் விளையாட்டுக் கருவியாகவும் அது ஆகலாம் அன்றோ?

செப்டம்பர்த் திங்களில் ஒரு பந்தயம்

பேரறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15ஐ ஒட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மிதிவண்டிப் பந்தயம் நடத்தி வருகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். முதற்பிரிவில் மாணவருக்கு 15 கிலோமீட்டர், மாணவியருக்கு 10. மற்ற இரு பிரிவுகளிலும் மாணவருக்கு 20, மாணவியருக்கு 15. அண்மை ஆண்டுகளில் முதல் மூவருக்கு 5,000, 3,000, 2,000 ரூபாய் பரிசாக அளிக்கப்பட்டுள்ளது.

இப்பந்தயத்தின் விதிகளுள் ஒன்று நம் உள்ளத்தைக் கவர்கிறது. இந்தியாவில் செய்யப்பட்ட, சாதாரணக் கைப்பிடியுள்ள சைக்கிளையே ஓட்டவேண்டும் என்பதே அது. விலையுயர்ந்த வண்டியால் வெற்றியை வாங்க இயலாது. பள்ளியில் பெற்ற வண்டியிலேயே கூலித் தொழிலாளியின் மகளும் முதற்பரிசு பெறலாம்.

கல்லூரியில் பந்தயம்

பதினேழு வயது கடந்தபின் இப்பிள்ளைகள் என்ன செய்வர்? இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் சார்பில், ஆடவர்க்கும் மகளிர்க்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான சைக்கிள் போட்டிகள் உள்ளன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உண்டு. சனி, ஞாயிறு இரு நாட்களில் அடங்கும் பந்தயமொன்றை இவ்விரு ஊர்களின் கல்லூரிகள் கூடி நடத்துவது அரிதன்று. சனிக்கிழமை, வீரர்களை ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்பி நேரம் கணிக்கும் போட்டி. ஞாயிறன்று, அனைவரும் ஒருங்கே புறப்படும் சாலைப் பந்தயம்.

முன்னதில் ஒவ்வொருவரும் காற்றோடு தனியே போராடவேண்டும். பின்னதில் முன்செல்பவரின் பின்னால் ஒட்டிச் சென்றால் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும், ஆற்றல் மிஞ்சும். எனவே வலிமையோடு பொறுமையும் வேண்டும். எப்போது ஒதுங்குவது, எப்போது முந்துவது என அறிந்தவனே இறுதியில் வெல்கிறான்.

நடத்துவோர் கடமை

இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆயினும் அவற்றை இணைக்கும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை பந்தயத்திற்கு ஏற்றதன்று. இரவும் பகலும் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் விரையும் அச்சாலையில் ஒரு கணத் தவறும் உயிரைக் குடிக்கும். போக்குவரத்துக் குறைந்த கிளைச் சாலையில், சிறு சுற்றாக அமைத்துப் பலமுறை சுற்றி வரச் செய்வதே அறிவுடைமை. சந்திப்புகள் சிலவே இருப்பதால் காவலும் எளிது.

காவல்துறையின் முன் அனுமதி, ஒவ்வொரு சந்திப்பிலும் கொடியுடன் தொண்டர், முன்னே ஒரு வழிகாட்டி வண்டி, பின்னே ஆம்புலன்ஸ், இடையிடையே குடிநீர் ஆகியவை இன்றியமையாதவை. வெயில் ஏறுமுன் பந்தயம் முடியவேண்டும். தலைக்கவசம் இல்லாதவரையும், பிரேக் பிடிக்காத வண்டியையும் புறப்படும் கோட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். இதில் இரக்கம் காட்டுவது இரக்கமாகாது.

பங்குபெறுவோர்க்கு

பந்தயத்திற்கு முன்னாள் இரவு நன்கு உறங்குவதும், காலையில் இட்லி, வாழைப்பழம் போன்ற எளிய உணவைப் புறப்படுவதற்கு இரண்டு மணி முன்பே உண்பதும் நலம். டயரில் காற்று, செயினில் எண்ணெய், இருக்கையின் உயரம் ஆகியவற்றை முதல் நாளே சரிபார்த்துவிட வேண்டும். பழகிய வண்டியையே ஓட்டவேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் பருகவேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

பெண் பிள்ளை வளர்ந்ததும் சைக்கிளை மூலையில் சாத்திவிடும் வழக்கம் நம் இல்லங்கள் சிலவற்றில் இன்னும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். தண்ணீர் கொணரவும், விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை அவர்களுக்கு மாறியது. நம் மகளிர்க்கு மட்டும் அது ஆகாதோ?

இத்தாலியில் கிசல்லோ மலைமீதுள்ள அன்னையின் சிற்றாலயத்தில் புகழ்பெற்ற வீரர்களின் மிதிவண்டிகள் காணிக்கையாக வைக்கப்பட்டுள்ளன. அவ்வன்னையைச் சைக்கிள் வீரர்களின் பாதுகாவலியாக 1949ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். 1938, 1948 ஆகிய ஆண்டுகளில் பிரான்சு நாட்டுப் பெரும் பந்தயத்தை வென்ற ஜீனோ பர்த்தாலி, போர்க்காலத்தில் யூதர்களின் உயிர் காக்கும் பத்திரங்களைத் தம் சைக்கிளின் குழாய்க்குள் மறைத்துச் சுமந்தார். பந்தயத்திற்கெனப் பழகிய கால்கள் பிறர் உயிர் காக்கப் பயன்பட்டன.

பரிசு ஒருவர்க்கே கிடைக்கும். பயிற்சியின் பயனோ ஓட்டிய அனைவர்க்கும் கிடைக்கும். அடுத்த செப்டம்பர் வருமுன் திண்ணையில் நிற்கும் வண்டியைத் துடைத்து, காற்றடித்து, நம் மகனுக்கும் மகளுக்கும் வழிவிடுவோம்.